கருவண்டும் சத்துமாவும்

எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரை மாவு திருடி என்று ஊர் பேசியதற்குக் காரணம் நான். அவர் ஒரு கைப்பிடி மாவுகூட எடுக்கவில்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். விசாரிக்க வந்தவரிடம் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதில் பொய் என்று ஒரு சொல்லையும் காட்ட முடியாது. அதனால்தான் அது பொய் என்பதை எனக்கு நானே ஒப்புக்கொள்ளாமல் நெடுநாள் இருக்க முடிந்தது.

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். பூச்சிகள்தான் என் பாடம். குமரி மாவட்டத்தில் அருமனைக்கும் சிதறாலுக்கும் இடையில் எனக்கு ஒரு ரப்பர் தோட்டம் இருக்கிறது. அதன் கீழ்வரம்பை ஒட்டித்தான் அங்கன்வாடிக் கட்டடம். ஓட்டுக்கூரை. இருட்டு விழுந்ததும் வாசலில் ஒரு விளக்கு எரியும். என் மரங்களின் கிளைகள் அந்தக் கூரைமேல் சாய்ந்து கிடந்தன. வெட்டித் தரும்படி டீச்சர் இரண்டு தடவை வந்து கேட்டார். பார்க்கலாம் என்றேன், பார்க்கவில்லை.

தோட்டத்தில் சருகைக் கூட்டக்கூடாது, எரிக்கக்கூடாது, அது மண்ணுக்குப் போர்வை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தப் போர்வைக்கு அடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

ரப்பர் நிற்கும் ஊர்க்காரர்களுக்குக் கருவண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசியை விடச் சற்றுப் பெரியது. கறுப்பு. கடிக்காது. தொட்டால் ஒரு நாற்றமான நீரைக் கக்கும், அது பட்ட இடம் எரியும். தை பிறந்தால் பங்குனி வரை வீட்டில் அதைக் காண முடியாது. கோடையின் முதல் மழை விழுந்த சாயங்காலம் தோட்டத்திலிருந்து கிளம்பி, பறந்தும் ஊர்ந்தும், வெளிச்சம் தெரியும் வீட்டுக்குள் நுழையும். ஓட்டுக்கும் அதைத் தாங்கும் கழிக்கோலுக்கும் நடுவே கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து சோற்றில் விழும், படுக்கையில் விழும். ஆளுக்குக் கொஞ்சம் என்று எல்லா வீட்டுக்கும் வரும்.

அந்த ஆண்டு அங்கன்வாடிக்கு வந்தது கொஞ்சம் அல்ல. மழைக்கு மறுநாள் காலையில் டீச்சர் முறம் முறமாக அள்ளி வாளியில் கொட்டினார். கொட்டிவிட்டு நிமிர்ந்தால் மறுபடியும் அதே அளவு தரையில். மதியம் பாயில் தூங்கிய ஒரு பெண் குழந்தையின் காதுக்குள் ஒன்று புகுந்துவிட்டது. குழந்தை துடித்த துடிப்பில் மற்ற குழந்தைகளும் அலற, தாய்மார்கள் ஓடி வந்தார்கள். மருத்துவமனையில் வண்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் காது ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வை செய்யும் அம்மா வந்தார். முற்றத்தில் தாய்மார்கள் கூடி நின்றார்கள். டீச்சர் வாசல்படியில், கையில் துடைப்பத்தோடு. அந்தத் துடைப்பத்தைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"எனக்க பிள்ளைக்க காதுல கேறிச்சு அம்மா. எங்க வீட்டுல எல்லாம் நாலோ அஞ்சோதான் விழுது. இஞ்ச மட்டும் என்ன இப்பிடி?" என்றாள் குழந்தையின் தாய்.

"மாவப் பூட்டி வச்சா வண்டு வராம மயிலா வரும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எதிரே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். சிலர் சிரித்தார்கள்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டிய சத்துமாவை அவர் கொடுக்காமல் பதுக்குகிறார் என்று ஏற்கெனவே முணுமுணுப்பு உண்டு. எந்த அங்கன்வாடியைப் பற்றித்தான் இல்லை? மேற்பார்வை அம்மா சுற்றிலும் பார்த்தார். வரம்புக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னை யாரோ காட்டிக்கொடுத்தார்கள். "சாரு பூச்சி படிச்சவராக்கும். அவரிட்ட கேளுங்க."

"சார், இது மாவுல வர்ற வண்டா?" என்று கேட்டார் அந்த அம்மா.

என் சருகு மூன்று விரற்கடை உயரத்துக்குக் கிடந்தது. மாசி மாதத்தில் நான் அதன்மேல் நடந்தபோது, காற்றில்லாத நேரத்திலும் அடியில் சலசலவென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அது புழுக்களும் இளம் வண்டுகளும் இலை தின்னும் சத்தம் என்று நின்று கேட்டு ரசித்தவன் நான். 'இது என் தோட்டத்து வண்டு' என்று சொன்னால் போதும். சொன்னால் சருகை அள்ள வேண்டும், கிளையை வெட்ட வேண்டும், ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாயால் என் புத்தி பாதிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"மாவு வண்டின் குடும்பம்தான் இது" என்றேன்.

உண்மை. வகைப்பாட்டில் இரண்டும் ஒரே குடும்பம். முதலாண்டு மாணவன் எழுதினால் மதிப்பெண் போடுவேன். ஆனால் ஒரு குடும்பத்தில் பிறந்த இருவரில் ஒருவன் திருடினால் மற்றவனைப் பிடித்துக் கட்டுவதா? அதைத்தான் செய்தேன். கூட்டத்தில் ஒரு "ம்ம்" பரவியது. மேற்பார்வை அம்மா தலையை ஆட்டினார். டீச்சர் என்னைப் பார்த்தார். "சாரே, மாவு பாக்கெட்டு ஒண்ணும் பொட்டிக்கல்லே. வந்து பாருங்களேன்" என்றார். பாக்கெட்டுகள் உடைக்கப்படவில்லை, வந்து பார்க்கச் சொல்கிறார். மாவு அடுக்கிய அலமாரி பத்தடி தூரத்தில் இருந்தது. யாரும் போய்த் திறக்கவில்லை. படித்தவன் சொல்லிவிட்டான், இனி எதற்குத் திறக்க வேண்டும்?

ஒரு பூச்சி வந்தால் முதலில் ஒரு பெண்ணின் துடைப்பத்தைத்தான் பார்க்கிறோம். தோட்டம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. டீச்சர் கையால் ஊட்டிவிட்ட சோற்றை அந்தத் தாய்மார்களின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தின்றிருக்கிறார்கள். ஒரு வாக்கியத்துக்கு அது எல்லாம் கரைந்துவிட்டது. அலமாரியைத் திறக்காமலே அவரைப் பேச்சிப்பாறைக்கு அப்பால் ஒரு மலைக்குடியிருப்புக்கு மாற்றினார்கள். அவருடைய கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியார், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். விடியும் முன் எழுந்து கிழவியைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, மூன்று பஸ் மாறிப் போக வேண்டும்.

அடுத்த கோடை மழைக்கு வண்டு மறுபடியும் வந்தது. அதே கூரைக்கு, அதே அளவு. புதிதாக வந்த டீச்சர், வந்த மாவை அன்றன்றைக்கே கொடுத்து முடிக்கிறவர். இப்போதாவது ஊருக்குப் புரிந்திருக்க வேண்டும் அல்லவா? கடைக்காரர் என்னை நிறுத்திச் சொன்னார்: "பழையவ வச்சிட்டுப் போன வித்தாக்கும் சாரே. மாவு போனாலும் முட்டை கிடக்குமே. அப்பிடித்தானே?"

"இருக்கலாம்" என்றேன். முதல் வாக்கியத்திலாவது உண்மையின் நிழல் இருந்தது. இதில் அதுவும் இல்லை.

மாவு வண்டுக்கும் இந்த வண்டுக்கும் உள்ள வேறுபாடு பருவம்தான். மாவுக்குப் பருவம் கிடையாது. டப்பாவில் எப்போதும் மாவு இருக்கும். அதனால் மாவு வண்டு ஆண்டு முழுவதும் தின்னும், இனப்பெருக்கம் செய்யும். கருவண்டு அப்படி அல்ல. அது ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் தூங்குகிறது. வீட்டுக்குள் அது வருவதே தூங்கத்தான், தின்ன அல்ல. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை பழுத்துக் கொட்டும்போது விழித்துத் தோட்டத்துக்குத் திரும்பும். தளிர்த்துப் பிறகு வாடி விழும் இலையில் முட்டையிடும். மழைக்கு முன் அதன் பிள்ளைகள் வளர்ந்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு தலைமுறை, ஒரே ஒரு வாய்ப்பு.

இந்த ஒழுங்கு எப்படி வருகிறது? பூச்சியின் உயிரணுவுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. சில மரபணுக்கள் ஒரு புரதத்தைச் செய்கின்றன. அந்தப் புரதம் பெருகி, தன்னைச் செய்த மரபணுவையே போய் அடைக்கிறது. பிறகு புரதம் மெல்லச் சிதைகிறது, அடைப்பு நீங்குகிறது, மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு பகலும் இரவும். இதே கடிகாரத்தைக் கொண்டுதான் பல பூச்சிகள் பகலின் நீளத்தை அளந்து, குளிர் வருகிறது, தூங்கப் போ என்று தீர்மானிக்கின்றன. பழ ஈக்களில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். குளிர் முந்தி வரும் நாட்டில் ஒரு வகை மரபணு மிகுதி, வெயில் நாட்டில் இன்னொரு வகை மிகுதி. ஈ நாட்காட்டி பார்த்துக் கற்றுக்கொண்டது அல்ல. தப்பான நேரத்தில் விழித்தவை செத்தன. சரியான நேரத்தில் விழித்தவற்றின் பிள்ளைகள் நிலைத்தன. அவ்வளவுதான்.

நம் கருவண்டின் கடிகாரத்தை யாரும் அப்படித் திறந்து பார்த்ததாக நான் அறியவில்லை. குமரி முனையில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான், கூடினால் ஒரு மணி நேரம் கூடும். ஆகவே அது பகலை அளக்கிறதா, பனியை அளக்கிறதா, ஈரத்தையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ரப்பர் இந்த மலையடிவாரத்துக்கு வந்து நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன் இந்த வண்டு காட்டுச் சருகில் எங்கோ ஒதுங்கிக் கிடந்திருக்க வேண்டும். வெளிநாட்டு மரம் இலை கொட்டும் கணக்குக்கு, நூற்றுச் சொச்சம் தலைமுறைகளில் அது இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. இப்போது மழை முறை தவறிப் பெய்கிறது, இலையும் முன்னும் பின்னுமாக விழுகிறது. அந்தக் கணக்கும் இனி மாறும். சாக வேண்டியவை செத்து, மாறும்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் "இருக்கலாம்" என்று சொன்னேன்.

என்னை உலுக்கியது அறிவியல் அல்ல. அதே பலசரக்குக் கடையில் ஒரு சாயங்காலம். டீச்சரின் மகள் சீருடையோடு வந்து அரைக் கிலோ கோதுமை மாவு கேட்டாள். கடைக்காரர் தராசைத் தொடாமல், "ஒனக்க வீட்டுல மாவுக்கு என்னட்டி பஞ்சம்? அம்ம நெறைய கொண்டு வந்திருப்பாளே!" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் காசை மூடிய கையோடு அப்படியே திரும்பிப் போனாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு உதட்டில் இருந்தபோதே அதை உணர்ந்தேன். என் வாயைக் கிழித்துவிடலாம் போல இருந்தது.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. சான்று வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் சத்துமாவு நிரப்பினேன். ஒன்றில் மாவு வண்டுகளை விட்டேன். மற்றதில் அங்கன்வாடிக் கூரையிலிருந்து எடுத்த கருவண்டுகள். முதல் குப்பியில் சீக்கிரமே புழுக்கள் நெளிந்தன. இரண்டாவதில் வண்டுகள் மாவைத் தொடவே இல்லை. ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, செத்ததுபோல் கிடந்தன. என் வீட்டில் வெளிச்சம் படாத ஓர் அலமாரிக்குள்தான் வைத்திருந்தேன். மார்கழியில் தோட்டத்து இலை செம்பு நிறமானபோது, உள்ளே அவையும் கால் அசைத்து ஊரத் தொடங்கின. வாடிய இலை ஒன்றைப் போட்டேன், தின்றன. உள்ளிருந்த கடிகாரமோ, அலமாரிக்குள்ளும் புகுந்த மார்கழிக் குளிரோ, எது எழுப்பியது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மாதக்கணக்கில் நான் காத்திருந்தது அறிவுக்காக அல்ல. அது கோழைத்தனம். அந்த மாதங்களில் டீச்சர் எத்தனை பஸ் ஏறி இறங்கினார்!

தை பிறந்ததும் பேச்சிப்பாறை தாண்டி அந்தக் குடியிருப்புக்குப் போனேன். டீச்சர் குழந்தைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டம், சருகு, சத்தம், என் வாக்கியம். கையில் இருந்த குப்பிகளையும் காட்டினேன்.

அவர் குப்பியைப் பார்க்கவில்லை. கடைசிக் குழந்தையின் கையைத் துடைத்து உள்ளே அனுப்பிவிட்டு வந்தார்.

"அண்ணைக்கே தெரியுமா சாரே?"

"தெரியும்."

"கிளைய வெட்டச் சொன்னதுக்காக்கும் இது?"

"அதுவும் கொஞ்சம் இருந்திருக்கும்."

"இத்தற தூரம் மலையேறி வந்து எனக்க காதுல பறஞ்சா என்ன பிரயோசனம்? நான் கள்ளி இல்லேண்ணு எனக்குத் தெரியாதா?" குரல் உயரவில்லை. "ஊருல பறையணும். எல்லாரும் நிக்கச்ச பறையணும். பைய குடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு தம்ளர் பாலில்லாத கட்டன்சாயா வைத்தார். வைத்துவிட்டுப் பாடம் எடுக்கப் போய்விட்டார்.

பறைந்தேன்; எல்லாரும் நிற்கும்போதே சொன்னேன். தாய்மார் கூட்டம் நடக்கும் நாளில் மேற்பார்வை அம்மாவும் இருக்கும்படி கேட்டு வரவழைத்தேன். அங்கன்வாடி முற்றத்தில் இரண்டு குப்பிகளையும் ஸ்டூல்மேல் வைத்து, எது மாவைத் தின்கிறது, எது தொடவே இல்லை என்று காட்டினேன். பிறகு, "இது என் தோட்டத்து வண்டு. அன்றைக்கும் எனக்குத் தெரியும். டீச்சரைக் காட்டிக்கொடுத்து நான் ஒளிந்துகொண்டேன்" என்றேன்.

கடைக்காரர்தான் முதலில் தொடங்கினார். "அப்ப இதெல்லாம் சாருக்க மாடாக்கும்! மாட்ட அவுத்து ஊருக்குள்ள மேய விடலாமா? கயிறு போட்டுக் கெட்டும்!" முற்றமே சிரித்தது.

"சிரிக்காதீங்க" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் பக்கம் திரும்பினேன். "டீச்சர் மகள் உம்ம கடையில் மாவு கேட்டதுக்கு நீர் என்ன சொன்னீர்? நான் பொய் சொன்னேன், சரி. பத்தடியில் அலமாரி இருந்ததே, உங்களில் ஒருத்தர் திறந்து பார்த்தீர்களா?"

"சாரு பறஞ்சதத்தானே நாங்க நம்பினோம்" என்றாள் காதில் வண்டு புகுந்த குழந்தையின் தாய். "படிச்சவிய பறஞ்சா பின்ன அலமாரியத் தொறந்து பாக்கணும்ணு எங்களுக்கு ஆரு சொல்லித் தந்தா?"

அவள் சொன்னது சரி. என் கோபத்துக்கு அங்கே உரிமை இல்லை. ஆனாலும் கோபம் அடங்கவில்லை, இன்றைக்கும் அடங்கவில்லை. கடைக்காரர் மட்டும் கூட்டம் கலையும்போது, "நான் சும்மா தமாசுக்குப் பறஞ்சதாக்கும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

மேற்பார்வை அம்மா முகம் சிவந்து, எழுந்து போய் முதல் தடவையாக அந்த அலமாரியைத் திறந்து பார்த்தார். இப்போது எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. டீச்சரின் இடமாற்றத்தை ரத்துசெய்ய அவரும் நடந்தார், நானும் அவரோடு அலுவலகப் படியேறினேன். புதிய டீச்சருக்குத் தன் ஊர்ப் பக்கமே இடம் கிடைத்தது. பள்ளி திறக்கும் காலத்தில் பழைய டீச்சர் திரும்பி வந்தார்.

அதற்கு முன்பே கட்டடத்தை ஒட்டிய இரண்டு வரிசை மரங்களை வெட்டிவிட்டேன். வரம்போரச் சருகைத் தையிலும் மாசியிலும் அள்ளித் தோட்டத்தின் மேல்பக்கம் கொண்டு குவித்தேன். மழை தொடங்கும் நாட்களில் வாசல் விளக்கை அணைத்து வைத்து, தோட்டத்துக்குள் ஒரு விளக்கும் அதன் கீழே சோப்புத் தண்ணீர்த் தொட்டியும் வைத்தேன். வண்டு வந்தது. வராமல் இருக்காது, அதன் கணக்கு அப்படி. ஆனால் அள்ள ஒரு முறம் போதுமாக இருந்தது.

இதோடு சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் நடைபோகும் வழியில் அங்கன்வாடி வாசல் தெரியும். பிள்ளையை விட வரும் ஒவ்வொரு தாயிடமும் அவர் அலமாரியை முழுக்கத் திறந்து வைத்து, மாவு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறார். அவர்கள் பார்க்காமலே தலையாட்டிவிட்டு ஓடுகிறார்கள். ஒருவரும் காட்டச் சொல்லவில்லை. ஒரு நாள் தாங்க முடியாமல் உள்ளே போனேன்.

"டீச்சர், இனி இது வேண்டாமே. யாரும் கேட்கவில்லையே."

"கேக்குவதுக்கு முன்ன காட்டுதேன் சாரே" என்றார். "கேட்ட பெறவு காட்டினா ஆரு பாத்தா?"

அடுத்த தாய் வந்தாள். நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.